சிலேட்டும் சிலிண்டரும்: கல்குடாவில் ஐந்து நாள்

மே 9, வெள்ளி

கல்குடா ஸ்டேஷனில் இறங்கிப் பைகளைப் பார்த்தேன். முகமூடி இருக்கிறது, காலுக்குப் போடும் துடுப்பு இருக்கிறது, ஆழம் காட்டும் கைக்கடிகாரம் இருக்கிறது. பென்சில் பெட்டியைத்தான் காணவில்லை. சீட்டுக்கு மேலே உள்ள தட்டில் பத்திரமாக அமர்ந்து அது மட்டக்களப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெரிய நட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் இருந்தவை மரமே இல்லாத முழுக் கரிக்கோல்கள். கொழும்பிலேயே இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கியவை. கடலுக்கடியில் படம் கீறுவதற்கு அவற்றைப்போல ஒன்று இல்லை. ஆட்டோக்காரத் தம்பியிடம் சொன்னேன். "அதுக்கென்ன அக்கா, வாழைச்சேனையில புத்தகக்கடை இருக்கே" என்று வண்டியைத் திருப்பினார். பள்ளிக்கூடப் பென்சில், ஒன்று 40 ரூபா. ஆறு வாங்கினேன். கடைக்காரர் "பிள்ளைக்கு எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு என்று சொல்லிவிட்டேன்.

கிழமை நாட்களில் நான் கட்டட வரைபடம் கீறுகிறவள். கோடு நேராக இருக்க வேண்டும், அளவு மில்லிமீற்றர் பிசகக் கூடாது. முப்பத்தெட்டு வயதில், காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் சுழியோடப் பழகினேன். முதல் வருடம் கமெரா கொண்டு போனேன், நூற்றுக்கணக்கில் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்த மீனையும் நான் பார்த்த ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு சிலேட்டுக்கு மாறிவிட்டேன். ஏ5 தாள் அளவில் வெள்ளை பிளாஸ்டிக் தகடு, மேலே உப்புத்தாள் தேய்த்துச் சொரசொரப்பாக்கியது, பென்சிலைக் கட்ட ஒரு நூல். கரைக்கு வந்ததும் கொப்பியில் பிரதி எடுத்துவிட்டு, விம் தூள் போட்டுத் தேய்த்தால் தகடு மறுபடியும் வெள்ளை. அவ்வளவுதான் என் கருவிகள்.

தங்கின வீட்டம்மா மத்தியானச் சாப்பாடு 600 ரூபாவுக்குத் தந்தார். சிவப்பரிசிச் சோறு, கணவாய்க் கறி, கீரை, சூடை மீன் பொரியல். சூடையைத் தலையோடு மொறுமொறுவென்று பொரித்திருந்தார். பத்தாவது மீனுக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்தினேன். என் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தவர் கேட்டார்: "கடலுக்குள்ள போய் மீனைப் பிடிக்காம, படமா மகள் கீறுறீங்க?"

பின்னேரம் பாசிக்குடாவில் நடந்தேன். நடந்தேன் என்றால் கடலுக்குள். அந்தக் குடா அப்படி. போய்க்கொண்டே இருக்கலாம், தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. தண்ணீர் வெதுவெதுப்பாக, இறக்கி வைத்த தேத்தண்ணி மாதிரி இருந்தது.

மே 10, சனி

காலை ஆறரைக்குப் போட்டில் இருக்க வேண்டும் என்பது கட்டளை. மேயில் கச்சான் தொடங்கிவிடும். தரைப்பக்கமிருந்து வரும் சூடான காற்று. கரையில் நிற்கிறவருக்குக் கடல் தட்டையாகத்தான் தெரியும், வெளியே போனவருக்குத்தான் திரும்பி வருகிற பாடு புரியும். (தமிழகத்து வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். 100 ரூபாவுக்கு ஒரு சுருள். காற்றும் கடலையும் ஒரே பெயரில் எப்படி ஒத்துப்போகின்றன என்று என்னைக் கேட்காதீர்கள்.)

கடலுக்குக் கூட்டிப்போன வழிகாட்டித் தம்பிக்கு வயது இருபத்தாறு இருக்கும். மீன்பிடிக் குடும்பம், சொந்த இடம் வாழைச்சேனை. அதிகம் பேசமாட்டார். போட்டில், மிதக்க உதவும் என் காற்றுச் சட்டையை ஊதிப் பார்த்தார், ஈயப் பட்டியின் கொக்கியை இழுத்துப் பார்த்தார், சிலிண்டர் வாயைத் திறந்து மூடித் திறந்தார், கடைசியில் மாற்று வாய்க்குழாயில் தானே இரண்டு மூச்சு எடுத்தார். அவருடையதை நான் அதேபோல் பார்க்க வேண்டும். நான் கொக்கியைத் தொட்டும் தொடாமலும் விட்டேன். "வடிவாப் பாருங்க அக்கா, அது என்ட உயிர்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

ஒரு முறை இறங்க 14,000 ரூபா. வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. ஆனால் இந்தப் பரிசோதனையைச் செய்கிற ஆளுக்கு அந்தக் காசு கொடுக்கலாம்.

பதினொரு மீற்றர் ஆழத்தில் பாறை. பவளம் சில இடத்தில் உயிரோடு, பல இடத்தில் பாசி மூடி. இறங்கும்போது ஒவ்வொரு மீற்றருக்கும் மூக்கைப் பிடித்துக் காதை ஊத வேண்டும். வலி வந்த பிறகு ஊதுவது பிந்தின கதை. பத்து மீற்றரில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு, கரையில் இழுத்த காற்று பாதி இடத்துக்குள் அடங்கிவிடும். அங்கே ஒரு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரட்டிப்பாக விரியும், நுரையீரல் கிழியும். அதனால்தான் முதல் வகுப்பில் முதல் பாடமே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. எனக்கு அது வேறு விதத்திலும் உதவியது. மெல்ல மூச்சு விட்டால் உடம்பு மிதக்கும் உயரம் அசையாது. உடம்பு அசையாவிட்டால் கை அசையாது, கோடு கோணாது.

ஒரு பாறை விளிம்புக்குக் கீழே சிங்கமீன் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விசிறி விரித்த மாதிரிச் செட்டைகள், முதுகில் நிமிர்ந்து நிற்கும் முள்ளுகள். அது ஓடாது. தன் முள்ளில் அதற்கு அவ்வளவு நம்பிக்கை. இரண்டு கை தூரத்தில் நின்று கீறத் தொடங்கினேன். நிறம் சாம்பலும் மண்ணும் கலந்த கோடுகளாகத் தெரிந்தது. நீளம் கண்மட்டத்தில் பதினான்கு அங்குலம் என்று சிலேட்டின் மூலையில் குறித்தேன்.

அப்போதுதான் பென்சில் பிளந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி மரத்தை ஒட்டியிருந்த பசை விட்டுவிட்டது. இரண்டு பாதியும் மிதந்து மேலே போயின, நடுவில் இருந்த கரி கீழே விழுந்தது. விழுந்த கரியை ஒரு சின்ன மீன் வந்து கொத்திப் பார்த்துத் துப்பியது. தம்பியின் முகமூடிக்குள் கண் சிரிப்பது தெரிந்தது. காற்றுச் சட்டைப் பையில் இருந்த இரண்டாவது பென்சில் எட்டு நிமிடம் தாங்கியது.

இரவு வீட்டம்மா புட்டும் அறக்குளாக் குழம்பும் தந்தார். கொப்பியில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது குழம்பு ஒரு சொட்டு விழுந்தது. மீனின் வால் பக்கம் இப்போது உண்மையான மஞ்சள் நிறம்.

மே 11, ஞாயிறு

காலையில் பக்கத்து அறைப் பையன்கள் இரண்டு பேர், கொழும்புக்காரர்கள், ஹெர்மிஸுக்குக் கூட்டிப்போகச் சொல்லித் தம்பியோடு மல்லுக்கு நின்றார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியக் கப்பல். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் அதுதான். 307 பேர் அதோடு போனார்கள். மட்டக்களப்புக்கு நேரே, ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்காகச் சுழியோடுகிறவனுக்கு எல்லை 40 மீற்றர். பையன்களின் சுழியோடிப் பயிற்சி அட்டையோ 18 மீற்றருக்கானது. "காசு கூடத் தாறம்" என்றார்கள். தம்பி "காசு ஆழத்தைக் குறைக்காது" என்று சொல்லிவிட்டு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார். எனக்கும் ஹெர்மிஸைப் பார்க்க ஆசைதான். என் அட்டை 30 மீற்றர். ஆசை ஆசையாகவே இருக்கட்டும்.

நாங்கள் போனது அதே நாளில் மூழ்கிய இன்னொன்றுக்கு: பிரிட்டிஷ் சார்ஜன்ட், எண்ணெய்க் கப்பல். இருபத்துநான்கு மீற்றரில் முறிந்து கிடக்கிறது. இது 17,000 ரூபா.

இறங்கும்போதே இரும்பு ஒன்று நிழல்போல் தெரியும், பிறகு அது பெருத்துக்கொண்டே போகும். எண்பது வருடத்துக்கு மேல் ஆன இரும்பு. தகடுகளுக்கு இடையில் மீன் கூட்டம், ஒன்று ஒரு பக்கம் திரும்பினால் எல்லாமே திரும்பின. துருத் தகட்டின் கீழே பெரிய கலவாய் ஒன்று, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, செவுளுக்குள் சின்ன இறால் ஒன்று துப்புரவு செய்வதைப் பொறுமையாக ஏற்றுக்கொண்டிருந்தது. பல் வைத்தியரிடம் வாயைப் பிளந்திருக்கிற என் மாமாவின் முகம் அப்படியே.

அதைக் கீறாமல் எப்படி? நடுவில் சிலேட்டைத் திருப்பும்போது விரல் தகட்டில் உரசிக் கீறிவிட்டது. வந்த இரத்தம் பச்சை கலந்த கறுப்பு. ஒரு கணம் திடுக்கிட்டேன். பிறகு ஞாபகம் வந்தது: சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதல் சில மீற்றரிலேயே குடித்துவிடும், இவ்வளவு ஆழத்தில் சிவப்பென்று ஒன்று கண்ணுக்கு இல்லை. (ஏற்புக்கான டெட்டனஸ் ஊசி போன வருடம்தான் போட்டது. இல்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும்.)

கலவாயின் கீழுதடு. அதில் ஒரு மடிப்பு. அது சரியாக வரவில்லை, அழித்தேன். மறுபடியும் கீறினேன். இறால் மற்றச் செவுளுக்கு மாறியது, அதையும் பிடிக்கப் பார்த்தேன். அப்போது என் சிலேட்டின் மேல் ஒரு கை வந்தது. கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி, கலவாயின் கண்ணுக்கு மேலே, தமிழில், ஒரு சொல் எழுதியது:

காற்று?

சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் மானியைப் பார்த்தேன். 200இல் தொடங்கியது 70க்கு வந்திருந்தது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் கரையில் எடுக்கும் மூச்சைப்போல் மூன்றரை மடங்கு காற்றைத் தின்னும். நூறில் சொல்வேன் என்று போட்டில் ஒப்புக்கொண்டவள் நான். கைக்கடிகாரம் இன்னும் நான்கு நிமிடம்தான் இங்கே நிற்கலாம் என்று காட்டியது. தம்பி கட்டைவிரலை உயர்த்தினார். கரையில் அதற்கு "நல்லம்" என்று பொருள், தண்ணீருக்குள் "மேலே, இப்பவே" என்று பொருள்.

மெல்லத்தான் ஏற வேண்டும். அவசரம் வந்தபோது மெல்ல ஏறுவதுதான் கஷ்டம். நிமிடத்துக்கு ஒன்பது மீற்றர், சின்னக் குமிழி போகிற வேகத்தைத் தாண்டாமல். ஐந்து மீற்றரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நின்றோம், உடம்பில் கரைந்த நைதரசன் அடங்கி வெளியேற. அந்த மூன்று நிமிடமும் அவர் என் மானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டில் ஏறும்போது 45.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. தண்ணீர்ப் போத்தலைத் தந்து, "நாளைக்குப் பத்து மீற்றருக்குக் கீழ போகேலாது அக்கா" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

இரவு தங்கச்சி போன் பண்ணினாள். சித்தியின் மகள், குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு வந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை வேனில் பதுளை, நுவரெலியா வழியாகக் கொழும்பு போகிறார்களாம். "ரயிலை விடுங்க அக்கா, எங்களோட வாங்க." செவ்வாய் விடியற்காலை கடைசியாக ஒருமுறை இறங்குவதாகத் திட்டம், அதனால் ஏலாது என்றேன். சுழியோடிய கையோடு விமானம் ஏறக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும், மலை ஏறக் கூடாது என்பது தெரியாது. உயரம் உயரம்தான்: நுவரெலியா 1,868 மீற்றர். பல நாள் தொடர்ந்து சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலம் தாழ்வான இடத்தில் இருக்க வேண்டும். இங்கிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் பாதை எங்கேயும் மலை ஏறாது. "சும்மா சாட்டுச் சொல்றீங்க" என்றாள்.

மே 12, திங்கள், வெசாக்

எழும்பும்போதே மூக்கு அடைத்திருந்தது. காதை ஊதிப் பார்த்தேன், இடப்பக்கம் திறக்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமே என்று பையன்கள் யோசனை சொன்னார்கள். கீழே இருக்கும்போது மாத்திரையின் வேகம் முடிந்தால் காது மறுபடியும் அடைக்கும், உள்ளே சிக்கிய காற்று ஏறும்போது வெளியே வராது. இறங்காதவனுக்கு ஒரு நாள்தான் நட்டம். தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. கரைக்குரிய பொருளில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

கொப்பியோடு கல்குடாக் கரைக்குப் போனேன். ஒரு பெரியவர் மணலில் இருந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். "இரிங்க மகள்" என்று ஒரு பிளாஸ்டிக் கலனைத் தள்ளினார். பிளாஸ்கில் இருந்து பிளேன்டி ஊற்றிக் கையில் சீனியும் தந்தார். காசு கேட்கவில்லை. கொடுத்தால் கோபிப்பார் என்பது முகத்தில் தெரிந்தது.

கொப்பியை வாங்கிப் புரட்டினார். கலவாயைப் பார்த்து "ம்" என்றார். சிங்கமீனில் நின்றார்.

"இவ்வளவு நீட்டு இஞ்ச நான் காணல்ல."

கண்ணால் கண்டேன், பதினான்கு அங்குலம் என்றேன். வலைக்குவியலுக்குப் போய், கல்லுப் பக்கம் போட்ட வலையில் சிக்கியிருந்த ஒன்றைக் குச்சியால் தூக்கிக்கொண்டு வந்தார். சிங்கமீன் என்று நான் சொன்ன பெயர் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. "குத்துற சனியன்" என்றார். மணலில் போட்டு அளந்தால் பத்து அங்குலமும் கொஞ்சமும். வேறு மீன்தான், ஆனால் எனக்குச் சுள்ளென்று உறைத்தது. முகமூடிக் கண்ணாடி வழியே தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். பத்தரையை நாலால் பெருக்கி மூன்றால் பிரித்துப் பாருங்கள். வருடக்கணக்காகச் சுழியோடுகிறேன், வகுப்பில் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். கை எல்லாம் மறந்து கண்ணை நம்பியிருக்கிறது. மில்லிமீற்றர்க் கணக்குப் பார்க்கிறவள்!

நிறமோ அதைவிட. மணலில் கிடந்தது சாம்பல் இல்லை. கருஞ்சிவப்பும் வெள்ளையும், மருதாணிக் கை மாதிரி ஒவ்வொரு கோடாக. செட்டை விளிம்பில் ஒரு பொட்டு நிரை. கண்ணுக்கு மேலே இமைபோல் ஒரு தொங்கல். அதை நான் தண்ணீருக்குள் காணவே இல்லை. காய்கிற தோலில் சிவப்பு மங்குவதற்குள் தீட்ட வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

"முள்ளையும் குறைச்சுப் போட்டீங்க" என்றார். என் படத்தில் முதுகு முள் பதினொன்று. குச்சியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எண்ணினார், பதின்மூன்று. பின் வயிற்றில் மூன்று, முன்வயிற்றுச் செட்டைக்கு ஒவ்வொன்றாக இரண்டு. இந்தப் பதினெட்டிலும் நஞ்சு. நான் பயந்து பயந்து கீறிய அந்தப் பெரிய விசிறிச் செட்டைகளில் ஒன்றுமில்லை.

உங்களுக்குக் குத்தியிருக்கிறதா என்று கேட்டேன். இடது கைப் பெருவிரலைக் காட்டினார். "ராவு முழுக்கக் கத்தினன். மறுகா அம்மா சுடுதண்ணிக்குள்ள கையைப் புடிச்சு வெச்சா, அடங்கிச்சு." அந்த அம்மா செய்தது சரியான வைத்தியம். நஞ்சு புரதம், சூட்டில் கெட்டுவிடும். தோல் வேகாத, பொறுக்கிற அளவு சூடு, அரை மணித்தியாலத்துக்கு மேல். பிறகு ஆஸ்பத்திரி.

பின்னேரம் மட்டக்களப்புக்குப் போனேன். வெசாக் பௌர்ணமி. கல்லடியில் வாவிக்குத் தோணியில் போனால் மீன் பாடும் என்பதைக் கேட்டு வளராத பிள்ளை எங்கள் வீடுகளில் இல்லை. தோணிக்காரர் 2,000 ரூபா கேட்டார், 1,500க்கு இறங்கினார். பாலத்துக்குத் தள்ளித் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல்முனையைக் காதோடு வைக்கச் சொன்னார். அடைக்காத காதை வைத்தேன். முதலில் பாலத்து வாகனங்களின் உறுமல். பிறகு அதற்குக் கீழே, ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்ப்பதுபோல் ஒன்று. விட்டு விட்டு வந்தது. மீனா, சிப்பியா, வாகனமா என்று கேட்டேன். "பாடுதா இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றார். நுளம்பும் பாடியது. முழங்காலுக்குக் கீழே இருபது தடிப்பு.

மே 13, செவ்வாய்

காது திறக்கவில்லை, விடியற்காலைச் சுழியோட்டமும் இல்லை. கடைசியாக இறங்கி இரண்டு நாளாகிறது, இனி மலைக்குத் தடையில்லை. தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். "இப்ப மட்டும் உயரம் குறைஞ்சிட்டுதோ?" என்று கேட்டாள்.

வீட்டம்மா ஒரு சட்டி எருமைத் தயிர் கட்டித் தந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு சூடை மீன் ஒன்றைத் தலையோடு கீறிக் கொடுத்தேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

செங்கலடியில் வேன் திரும்பியது. மகா ஓயாவில் பிள்ளைகள் வெந்நீர்க் கிணறு பார்க்க இறங்கினார்கள். பிபிலையில் தேத்தண்ணி. லுணுகலை ஏற்றத்தில் இடது காதுக்குள் பலூன் ஊதுவதுபோல் வலி ஏறி, ஒரு வளைவில் "டப்" என்று திறந்தது. வேனில் பாட்டு இவ்வளவு சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்தில் இருந்த தங்கச்சியின் மகளிடம் கொப்பி போயிருந்தது. நேற்று மணலில் மீனை வைத்துத் திருத்திக் கீறிய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். கீழே நானே எழுதியிருக்கிறேன்: முதுகு முள் 13. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். திரும்ப முதலிலிருந்து எண்ணினாள்.

"பெரியம்மா, இதில பன்ரெண்டுதானே இருக்கு?"